பாரம்பரியச் செர்ரி தக்காளி: சாகுபடிக் குறிப்பு

சென்னை மொட்டைமாடியில் பாரம்பரியச் செர்ரி தக்காளி வளர்ப்பது மிகச் சிக்கனமான கலை. தேவையானவை கொஞ்சம்தான்: விதைப் பொட்டலம், குழித்தட்டு, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, நிழல்வலை, வளர்ப்புப் பைகள், கூரியர் செலவு. கடையில் தக்காளிக்குக் கொடுக்கும் காசு மொத்தமும் மிச்சம்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் 5 முதல் 10 நாளில் முளைக்கும். அதுவரை மணிக்கொருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. விதைக்கு அல்ல, இடுப்புக்கு. நான்கைந்து இலை விட்ட நாற்றைப் பைக்கு மாற்றி, பெயர் சூட்டி, படமெடுத்து உறவினர் குழுவில் பகிர வேண்டும். வெயில் 6 மணி நேரம் போதும், பாராட்டுக்கு வரம்பில்லை.

இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் பூ உதிரும். ஆகவே சித்திரையில் செடியை ஏசி அறையில் வைத்துவிட்டு, குடும்பத்தார் மாடியில் பாய் விரிப்பதே நியாயம். காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

அறுவடை ஏழு பழம். ஒன்று சுமார் 15 கிராம். ரசத்துக்குப் போதாது, அணில் கண்ணில் படாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் காட்சிக்கு வைக்கலாம்.

இதற்கிடையே பாத்திரம் கழுவிய தண்ணீரோடு போன விதை, சாக்கடையோரம் தானே முளைத்து, உரமும் பெயருமின்றிக் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருக்கும். வம்சாவளி தெரியாத செடி என்பதால் அதைக் களையெனப் பிடுங்கி எறிவதே முறை.

ஏழில் ஒன்றைப் பிழிந்து, சாற்றோடு 2 நாள் நொதிக்கவிட்டு, அலசி நிழலில் உலர்த்தினால், அடுத்த பருவச் செலவுக்கு விதை தயார்.