கந்தளாய்க் கணக்கு

கேள்வி: குழாயில் வருவதும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், வயலுக்குப் பாய்வதும் அதே தண்ணீர். எனக்கு மட்டும் மாதாமாதம் பில். இது என்ன நியாயம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: நீங்கள் கட்டுவது, அதைச் சுத்திகரித்துத் திருகோணமலை வரை குழாயில் அனுப்பும் கூலி. வயற்காரரிடமும் 1984இல் அரசு பராமரிப்புக் கட்டணம் கேட்டுப் பார்த்தது. சில ஆண்டுகளிலேயே வசூல் படுத்துவிட்டது. ஒரு கிலோ நெல் விளைய ஏறக்குறைய 2,500 லீற்றர் வேண்டும். அதற்கும் உங்கள் வீட்டு பில் கணக்கைப் போட்டால், சோற்றைத் தவணை முறையில்தான் சாப்பிடலாம்! ஆனால் பராமரிப்புக்குக் காசு யாராவது கொடுத்தே ஆகவேண்டும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பேசாமல் பில்லைக் கட்டிவிடுங்கள். சொட்டுகிற குழாயையும் கொஞ்சம் இறுக்குங்கள்.