கேரியரைப் பிடித்து ஓடியவர்கள்

புதுக்கோட்டைப் பக்கம் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆம்பளை யாரையாவது டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, அறிவொளிக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு நான்தானே சைக்கிள் கத்துக்கொடுத்தேன்" என்பார். பக்கத்தில் இருப்பவரும் அதையே சொல்வார். அந்த ஓரிரண்டு வருஷத்தில் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பார்கள். கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் ஆண்களை எண்ணினால் கணக்கு இரண்டு லட்சத்தைத் தொடும். அந்த இரண்டு லட்சத்தில் நானும் ஒருவன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1991. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களே இல்லாத மாவட்டமாக இதை ஆக்கிவிடுவது என்று அறிவொளி இயக்கமாகக் கிளம்பிய வருஷம். ஷீலாராணி சுங்கத் கலெக்டர். கலெக்டர் ஒரு பெண் என்பதே அப்போது எங்கள் ஊரில் ஒரு வாரத்துக்குப் பேச்சாக ஓடியது. எனக்குத் தாடி, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் படிக்காத இரண்டு புத்தகங்கள், மனசுக்குள் உலகத்தையே புரட்டிப்போடும் அவசரம். சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு என்றால், அடுப்பை அணைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்து சேர எட்டரை ஆகும். சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, நாள் முழுக்கக் களை பறித்துக் காய்த்த விரலால் சிலேட்டில் 'ட' போடுவார்கள். எழுத்து முடிந்ததும் ஆணும் பெண்ணும் சமம் என்று நான் அரை மணி நேரம் முழங்குவேன். ஒருநாள் நான் முடித்ததும் ஓர் அப்பத்தா, "புள்ள தொண்டை வறளப் பேசுது, யாராச்சும் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்கடி" என்றார். மூன்று பெண்கள் எழுந்து ஓடினார்கள். சமத்துவத்துக்காக அன்று அண்ணாந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன்.

சைக்கிள் இதற்குள் நுழைந்தது கொள்கைவழியாக அல்ல, பஸ் இல்லாத வழியாக. ஊர் ஊராகப் போய் வகுப்புகளைப் பார்த்துவர வேண்டிய பெண் தொண்டர்கள், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வரும் பஸ்ஸை நம்பி எத்தனை ஊர் போவார்கள்? எழுத்தோடு சைக்கிளும் பாடம் என்று ஆயிற்று. வங்கிக் கடனுக்கும் கலெக்டர் வழிசெய்தார். ஆனால் முதல் சைக்கிள் எப்போதும் வாடகைக் கடையிலிருந்துதான் வரும். மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் எழுதிய, பெல்லைத் தவிர எல்லாமே சத்தம் போடுகிற சைக்கிள். கடைக்காரர் நோட்டில் பேரும் நேரமும் குறிப்பார். பொம்பளைக்கு என்றால் தரமாட்டார் என்பதால் என் பேரில் எழுதுவோம். அந்த நோட்டை யாராவது இப்போது புரட்டினால், நான் ஒரே மாலையில் நாலு சைக்கிள் ஓட்டிய அதிசயப் பிறவி என்றே நினைப்பார்கள்.

கண்மாய்க்கரைக்குக் கீழே பொட்டல். இருட்டத் தொடங்குகிற நேரம்தான் வசதி, விழுவதை ஊர் பார்க்காது. சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, "சாமீ" என்று ஒரு சத்தம் போட்டு ஏறி உட்காருவார்கள். நாங்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம். ஓட்டுவது இரண்டு நாளில் வந்துவிடும், இறங்குவதுதான் வராது. கீழத்தெரு அத்தை ஒருத்தி, நிறுத்தத் தெரியாமல் பொட்டலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் வைக்கோல்போரைப் பார்த்துத் திருப்பி அதிலேயே இறங்கினார். சங்கிலியில் முந்தி மாட்டிக்கொள்ளும், முழங்கால் சிராயும், மறுநாள் கணவன் கேட்டால் வரப்பில் வழுக்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னமும் கேட்கிறது: வீட்டுக்குள் வாயைப் பொத்திச் சிரித்துப் பழகிய பெண்கள், வாயைத் திறந்து, தொடையைத் தட்டி, மூச்சு முட்டச் சிரித்த சிரிப்பு. ஒருநாள் அதே அத்தை பெடலை மிதித்தபடியே திரும்பிப் பார்க்காமல் கத்தினார்: "டேய் தம்பி, விடுடா! நீ புடிச்சாத்தான்டா சாயுது!"

லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளை, கேரியரில் தண்ணீர்க் குடம். அது வேடிக்கை போலத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். கொண்டுபோய்விட அண்ணனையோ புருஷனையோ கெஞ்ச வேண்டாம். காய்கறியை விற்றுவிட்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்ததும் அந்தக் காலம்தான். டீக்கடையில் கிண்டல் இல்லாமல் இல்லை. "சைக்கிளு விடுறாளாம், அடுத்து ஏரோப்ளேன்" என்பார்கள். அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டால் அந்தக் கிண்டல் அமுங்கிவிடும். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500 பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் போய்ச் சேர்ந்தபோது முகம் சுளித்த ஊர். எண்பது சொச்சம் வருஷம் கழித்துக் கடைவாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதினார். அந்தக் கட்டுரை இந்திக்குப் போய், மத்திய அரசுப் பாடநூலில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாகவும் ஆயிற்று. இந்தி வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மாநிலத்தின் பெண்கள், வடக்கே பரீட்சையில் பத்து மார்க் கேள்வியாக வந்து நின்றார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை எவ்வளவு தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது எல்லாமே இருக்கிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தால் சைக்கிள் இலவசம். அது வீட்டுத் திண்ணையில் துணி காய்கிற கொடியாக நிற்கிறது, பிள்ளை ஸ்கூட்டியில் போகிறாள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023-லிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. எதையும் குறை சொல்லமாட்டேன். சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்பதற்காக மட்டுமல்ல, அந்த ஆயிரம் ரூபாய் யார் கைக்கு வருகிறது என்று தெரிந்தவன் என்பதாலும்தான். வைக்கோல்போரில் இறங்கிய அத்தையைப் போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். சைக்கிள் எங்கே அத்தை என்றால், "பேரன் பழைய இரும்புக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் தின்னுட்டான்" என்றார். பிறகு, படியில் தொங்கிக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தவங்கள்லாம் கொஞ்சம் உள்ள தள்ளுங்கப்பா, பாவம்" என்று இரக்கப்பட்டார்.

ஆனாலும் எனக்கு ஓர் ஆற்றாமை. அன்று கணவனிடம் சொல்லாமல் பொட்டலுக்கு வந்த பெண்ணின் பேத்தி, ஸ்கூட்டியில் அறந்தாங்கியோ திருச்சியோ எங்கே போனாலும், "போய்ட்டியா?", "ஏன் அங்கயே நிக்கிற?" என்று வீட்டிலிருந்து செல்போன் மேப்பில் அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். அன்று விழுந்தால்கூடத் தெரியாது. இன்று நின்றாலே தெரிகிறது. மகளிர் தினமும் வளர்ந்துவிட்டது. கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், நகைக்கடையில் செய்கூலி தள்ளுபடி. சில வருஷத்துக்கு முன் ஒரு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் ஆறு பேர் ஆண்கள். எங்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு இறங்கிப்போனவர்கள் பெண்கள்.

அந்த விழாவில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஓர் ஊராட்சித் தலைவரின் கணவர். 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக வந்த ஒதுக்கீடு இப்போது பாதிக்குப் பாதி. அதன் புண்ணியத்தில் அவர் மனைவி தலைவர், அவர் தலைவருக்கும் தலைவர். கூட்டத்துக்கு அவர்தான் வந்தார், டெண்டரை அவர்தான் பார்த்தார், மனைவி வீட்டிலிருந்து கையெழுத்து மட்டும் போட்டார். சிம்னி விளக்கில் 'ட' போட்டுப் பழகியது இதற்குத்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருமுறை அவங்களையே அனுப்பிப் பாருங்களேன் என்றேன். "அவளுக்கு என்ன சார் தெரியும், நான் பின்னால புடிச்சுக்கலேன்னா விழுந்துடுவா" என்றார், ரொம்பப் பாசமாக. விழுந்தால் என்ன, இந்த மாவட்டத்தில் விழாமல் எந்தப் பொம்பளை எதைக் கற்றுக்கொண்டாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, தலைவர்தான் பேசுறேன்" என்றார்.