தண்ணீர்மலைப் படிகளும் சாப்ட்வேர் இன்ஜினியரின் படிநிலைகளும்: ஓர் அரைகுறை ஆய்வு

அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத கேள்வி ஒன்று உண்டு: பினாங்கில் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர் அப்படி என்னதான் வேலை பார்க்கிறார்? நூலகத்தில் விடை அகப்படாததால் ஆய்வாளர் (நான்தான்) தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போனார். அங்கே 513 படிகள். பாதியில் மூச்சு வாங்க உட்காருபவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "பையன் என்ன பண்றான்?" என்பதுதான். இதைவிட நல்ல ஆய்வுக்களம் எங்கே அமையும்?

மாதிரிக்கு ஒரு பாட்டியையும் ஒரு பேரனையும் எடுத்துக்கொண்டேன். மாதிரி சிறியது என்று குறை சொல்பவர்கள் அந்தப் பாட்டி பேசிக் கேட்காதவர்கள்.

முதலில் பாட்டி. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் பிறந்தது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலம். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை வைத்தது அங்கேதான். பாட்டி அந்தப் பக்கத்தில் ஆப்பரேட்டராக இருந்தவர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பில் ஒட்டும் வேலை. "கழுத்துல போட்ட தங்கத்தக்கூட அவ்ளோ கிட்ட வச்சுப் பாத்ததில்லப்பா" என்றார். படிப்பு? சில வாரப் பயிற்சி, அவ்வளவுதான்.

பேரனின் கல்விப் பின்னணி நீளமானது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்து, எஸ்.பி.எம். தேர்வு, மெட்ரிகுலேஷன், யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல். இத்தனையும் முடித்து அவன் காலையில் போவது பாட்டி பேக்டரி பஸ்ஸில் போன அதே பாயான் லெப்பாஸுக்கு. சிப்பைச் சோதிக்கும் நிரல் எழுதுகிறான். பாட்டியின் வரையறை இது: கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிற எவரும் "பேக்டரி வேலை". எவ்வளவு முயன்றும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

பதவி உயர்வில்தான் சிக்கல் முற்றுகிறது. சீனியர் இன்ஜினியராக இருந்தவன் போன வருடம் "ஸ்டாஃப் இன்ஜினியர்" ஆனான். வீட்டில் கேசரி கிண்டினார்கள். பாட்டி மட்டும் கலங்கிப்போனார். "சீனியரா இருந்தவன இப்ப வெறும் ஸ்டாஃப் ஆக்கிட்டாங்களே, என்னடா தப்பு பண்ண?" அடுத்த படி "பிரின்சிபல்" என்று பேரன் விளக்கியதும் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூட வேலை கிடைக்கப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

கடன் இயலையும் தொடாமல் விட முடியாது. எஸ்.பி.எம். தேர்வுக்கு வேண்டிக்கொண்ட பால்குடம் ஒரே தைப்பூசத்தில் தீர்ந்தது. படிப்புக்கு வாங்கிய அரசின் பி.டி.பி.டி.என். கடன் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. முதல் வகுப்பில் தேறித் தகுதி பெற்றவர்களுக்கு அது தள்ளுபடி. பேரன் அந்த வகுப்பில் தேறவில்லை. எனவே முருகனே எளிய கடன்காரர் என்பது ஆய்வாளரின் துணிபு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது அங்கே வேலைக்கு ஏன் போகவில்லை என்று பேரனைக் கேட்டேன். "பாட்டி தனியாப் படியேறாதுங்கண்ணே" என்றான்.

இம்முடிபுகளை மறுக்க விரும்புவோர் அடுத்த தைப்பூசத்தன்று நேரில் வரலாம். முந்நூறாவது படி பக்கம் உட்கார்ந்திருப்பேன். அதற்கு மேல் ஏற ஆய்வாளருக்கு மூச்சு போதவில்லை.