திரைக்கு இந்தப்பக்கம்: கேம் மாஸ்டர் ஆட்டக்காரராய் அமர்வது குறித்த ஓர் ஆய்வு

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதியாகவும் இன்னொருவர் திருடனாகவும் பேசி, இருபது முகப் பகடையை உருட்டித் தலைவிதியைத் தீர்மானிக்கும் விளையாட்டுக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். அட்டைத் திரைக்குப் பின்னாலிருந்து ஊரையும் பூதத்தையும் மழையையும் ஒருவராகவே நடத்துபவர் கேம் மாஸ்டர். அவர் அவ்வப்போது திரையை மடித்து வைத்துவிட்டு, அடுத்தவர் மேஜையில் வெறும் ஆட்டக்காரராய் அமர்ந்தால் அவர் தொழில் மேம்படும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். சமையல்காரர் எப்போதாவது பந்தியிலும் உட்கார வேண்டும் என்பதற்கு மேல் இதில் தத்துவம் ஏதுமில்லை. ஆனாலும் ஆய்வு என்று வந்துவிட்டால் சான்று காட்டியாக வேண்டுமே.

முதற்சான்று, டேவ் ஆர்னசன். அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திவந்த ஆட்டங்களில் இவர் ஓர் ஆட்டக்காரர். லத்தீன் அமெரிக்கக் குட்டிக் குடியரசு ஒன்றைக் களமாகக் கொண்ட ஆட்டத்தில், தானே தயாரித்த போலி சிஐஏ அடையாள அட்டையை நீட்டி மற்றவர்களை நம்பவைத்த பெருமை இவருக்குண்டு. ஆட்டக்காரர்கள் எவ்வளவு தூரம் புளுகுவார்கள் என்பதைத் தானே புளுகிக் கற்ற இந்த மனிதர்தான் 1971-இல் 'பிளாக்மூர்' ஆட்டத்தை நடத்தத் தொடங்கினார்.

இரண்டாம் சான்று, கேரி கைகாக்ஸ். 1972 இறுதியில் ஆர்னசன் விஸ்கான்சினின் லேக் ஜெனிவாவுக்கு வந்து பிளாக்மூரை நடத்திக் காட்டினார். கைகாக்ஸ் அன்று ஆட்டக்காரர். அந்த அனுபவத்தின் சூட்டில் எழுந்ததே, 1974-இல் இருவர் பெயரிலும் ஆயிரம் பிரதிகளாக வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

இங்கே ஒரு முரண் குறுக்கிடுகிறது. கைகாக்ஸின் 1979-ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர் (அந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டருக்கு அதுதான் பெயர்) கையேடு, அதை வைத்திருக்கும் ஆட்டக்காரன் கௌரவமான சாவுக்குக்கூடத் தகுதியற்றவன் என்கிற பொருளில் முன்னுரையிலேயே மிரட்டுகிறது. திரைக்கு இந்தப்பக்கம் இருப்பவர்கள் அந்தப்பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாதாம். அப்படி எழுதியவரோ, தம் வயதில் ஏறத்தாழப் பாதியே ஆகியிருந்த ராப் குன்ட்ஸ் நடத்திய ஆட்டத்தில் மார்டன்கைனன் என்ற மந்திரவாதியாய் அமர்ந்து பகடை உருட்டியவர். இவ்வாய்வு கையேட்டை விடுத்து, கைகாக்ஸின் நடத்தையையே பிரமாணமாகக் கொள்கிறது.

இனி, கள அவதானிப்பு. சண்டைக் கட்டம். ஆறு ஆட்டக்காரர்கள். மந்திரவாதி தன் முறை வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்து மந்திரத்தின் விளக்கத்தைப் படிக்கத் தொடங்குகிறார். வழக்கமாகத் திரைக்குப் பின்னால் எட்டு கோப்ளின்களின் உயிர்க்கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேம் மாஸ்டருக்கு இந்த இடைவெளி தெரியவே தெரியாது. ஆட்டக்காரராய் அமர்ந்த அன்றுதான் தெரிகிறது: பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டியாயிற்று, சிப்ஸ் பாக்கெட்டின் அடியில் தூள்தான் மிச்சம், தன் முறை இன்னும் வரவில்லை. பிறகு ரகசியக் கதவு. அதைக் கண்டுபிடிக்க எல்லோரும் உருட்டுகிறார்கள், எல்லோருக்கும் தோல்வி. கதையோ கதவுக்குப் பின்னால். சுவரைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்தவர், தம் மேஜையில் முக்கியத் தடயத்தை ஒற்றைப் பகடையை நம்பி ஒளித்துவைக்க மாட்டார்.

"அற்றேல், வெஸ்லி யாருடைய மேஜையில் பயின்றார்?" என்று கேட்பார் உளர். நியாயமான தடை. 1969-இல் அவர் நடத்திய 'பிரௌன்ஸ்டைன்', நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்றில் நடக்கும் போர் ஆட்டம். படை நடத்துபவர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் ஆளுக்கொரு வேடம் கொடுத்திருந்தார். போர் தொடங்கவே இல்லை. ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கி ரகசியம் பேசினார்கள், சதி செய்தார்கள். எல்லாம் கைமீறிப் போய்விட்டது, ஆட்டம் படுதோல்வி என்று முடிவுகட்டினார் வெஸ்லி. ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று அவரை நச்சரிக்கத் தொடங்கினார்கள்.