வெண்ணெய்க்கு வந்த நோட்டீஸ்

ஸ்ரீஜயந்தியை ஒட்டி ஸ்ரீரங்கத்தில் நடக்கும் உறியடி உற்சவத்தில், முகத்தில் அறையும் தண்ணீரால் கண் திறக்க மாட்டாமல் பிள்ளைகள் உறியை எட்டி எட்டித் தாவுவதைப் பார்த்தபோது, வெண்ணெய் திருடியவனுக்கு வருஷந்தோறும் விழா எடுக்கும் நம் தேசத்தின் தாராள சுபாவத்தை எண்ணி ஆனந்தித்தேன். ஆயர்பாடி இங்கிலாந்தில் இருந்திருந்தால் யசோதைக்குக் கடிதம் வந்திருக்கும்: வெண்ணெய் சேதமின்றி மீட்கப்பட்டது, எனினும் தங்கள் புதல்வனைப் பிடிக்கக் காவலாளி செலவிட்ட நேரத்துக்குப் பணம் செலுத்துக, தவறினால் வழக்கு. மிகையன்று, கடைகளின் சார்பில் அத்தகைய கடிதங்கள் அங்கே சிறுவர் வீடுகளுக்கும் போயின. 2012இல் ஆக்ஸ்போர்டு கௌண்டி நீதிமன்றத்துக்கு, இரண்டு பதின்வயதுப் பெண்களிடம் தலைக்கு 137.50 பவுன் கேட்டு வந்த வழக்கை, திருடரைப் பிடிக்கவே சம்பளம் வாங்கும் காவலாளி பிடித்ததில் கடைக்கு என்ன நஷ்டம் என்ற தோரணையில் நீதிபதி தள்ளிவிட்டார்.

இந்நாட்டிலோ, 2015ஆம் வருஷச் சட்டப்படி, சிறுவன் குற்றத்துக்குப் பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லும் அதிகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு உண்டு. ஆயினும் திருச்சிக் கடைவீதியில் ஒரு கடைச் சுவரில், ‘திருடினால் பத்து மடங்கு’ என்றிருந்தது. எந்தச் சட்டம் என்று விசாரித்தேன்.

“அஞ்சு மடங்குன்னுதான் சார் நான் சொன்னேன், பெயிண்டர் பத்துன்னு எழுதிட்டார்” என்றார் கல்லாக்காரர்.