ஒத்தி எடுக்கும் அத்தான்

வெயில் ஏறினால் காரியம் கெட்டுவிடும் என்பதால் அத்தான் விடிய ஐந்தரைக்கே முற்றத்தில் நிற்பார். சாறம் மடித்துக் கட்டியிருக்கும். கையில் மணிக்கூடு இல்லை, கழுத்தில் சங்கிலி இல்லை. கல்யாண மோதிரம் சாமித்தட்டில் கிடக்கும். உடம்பில் உலோகம் இருந்தால் பெயின்றில் கீறிவிடுமாம்.

"உங்களுக்கு என்னோட கல்யாணமோ, அதோடையோ?" என்று அக்கா ஒருநாள் குசினிக்குள் இருந்தபடியே கேட்டாள். அத்தான் பதில் சொல்லவில்லை. அவர் அப்போது பொனற்றை நனைத்துக்கொண்டிருந்தார். பொனற் நனையும்போது பேசமாட்டார்.

'அது' என்பது சிவப்பு மஸ்டா ஆர்எக்ஸ்-8. உங்கள் ஒழுங்கையில் அது ஒரு பல்சராகவோ ஓட்டோவாகவோ இருக்கலாம். ஆள் இவரேதான். எங்கள் ஊர் சம்பூரில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்டால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சிசி பார்த்து வரி போடுகிற நாடு இது. இந்தக் காருக்கு வெறும் 1308 சிசிதான். பிஸ்டனே இல்லாமல் சுழல்கிற எஞ்சின். ஆகவே இது சிக்கனமாம். பெற்றோல் குடிக்கிற கணக்கு அந்தக் கணக்கில் வராது. பின்கதவுகள் பின்பக்கமாகத் திறக்கும், அதுவும் முன்கதவைத் திறந்த பிறகுதான். அம்மா அதில் ஒரே ஒரு தடவை ஏறினாள். இறங்கியதும், "அலுமாரிக்குள்ள இருந்து வந்தமாதிரிக் கிடக்கு" என்றாள்.

கழுவுகிற பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் கை படாமல் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே. கச்சான் காற்று கொண்டுவந்து அப்பிய மண் கழன்று போகவேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் சவர்க்கார நுரை. மற்றதில் நல்ல தண்ணீர், அழுக்குத் துணியை அலச. றிம்முக்கு மூன்றாவது வாளி. அது தீண்டத்தகாத வாளி; மற்ற இரண்டோடும் அதைச் சேர்த்து அடுக்கிய குற்றத்துக்காக மருமகன் ஒருநாள் முழுக்கப் பேச்சு வாங்கினான். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நேர்கோடுதான். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரியும். பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் பட்டால் மெழுகுப் பூச்சு போய்விடும். இதெல்லாம் சரிதான். மறுக்கவில்லை.

துடைக்கிறதில்தான் நான் பொறுமை இழப்பேன். 'துடைக்கிறது' என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "துடைச்சு முடிஞ்சுதோ அத்தான்?" என்று வாய்தவறி ஒருதடவை கேட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"துடைக்கிறது மேசையை. இதை ஒத்தி எடுக்கிறது."

ஒத்தி எடுக்கும் முன் ஒரு படி உண்டு. ஹோஸின் வாய்மூடியைக் கழற்றிவிட்டு, கூரையோடு சேர்த்துப் பிடித்து, தண்ணீரைச் சத்தமில்லாமல் வழியவிடுவார். துளித்துளியாக நிற்கிற நீரையெல்லாம் அது ஒரு படலமாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். "தண்ணியைத் தண்ணியாலதான் எடுக்கோணும்" என்பார், ஞானி மாதிரி. முதல்தடவை கேட்டபோது எனக்கும் புல்லரித்தது. நூறாவது தடவை அரிக்கவில்லை.

பிறகு துவாய் வரும். ரொறன்ரோவிலிருந்து தம்பி அனுப்பிய மைக்ரோஃபைபர் துவாய், ஆள் படுக்கிற அகலம். இரண்டு முனையையும் பிடித்து, நித்திரைப் பிள்ளைக்குப் போர்க்கிற மாதிரி விரிப்பார். உள்ளங்கையால் ஒரு தட்டு, இரண்டு தட்டு. தூக்குவார். அடுத்த இடம். தேய்ப்பு என்ற பேச்சே இல்லை. ஏனென்றால் நிறத்துக்கு மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சு நாற்பது ஐம்பது மைக்ரோன்தான். தலைமயிர் எழுபது மைக்ரோன் வரும். இதை விளக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தன் தலையிலிருந்தே ஒரு மயிர் பிடுங்கிக் காட்டுவார். காட்டிக் காட்டி இப்போது கையிருப்பும் குறைந்துவிட்டது.

துவாய் நிலத்தில் விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஒரு மணல் போதுமாம். தோய்த்துக் காயவிட்டாலும் நம்பமாட்டார். முதலில் றிம்முக்கு இறக்குவார், பிறகு வாசலுக்கு. எங்கள் வீட்டில் கால்மிதி எல்லாம் ரொறன்ரோச் சாமான்.

எல்லாம் காய்ந்துவிட்டது, எழும்பலாம் என்று நினைக்கும்போதுதான் பக்கக் கண்ணாடி அழத் தொடங்கும். உள்ளே தங்கிய தண்ணீர் பத்து நிமிடம் கழித்து மெல்லக் கசிந்து கதவில் கோடு இழுக்கும். அதற்காகவே ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு சின்னத் துணி. கண்ணாடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அது அழுது முடியும்வரை காத்திருப்பார். ஒரு சொட்டு. ஒத்துவார். இன்னொரு சொட்டு. ஒத்துவார். தேநீர் ஆறும். "பிள்ளையள் அழேக்க ஒருநாள் இப்பிடி இருந்தவரோ?" என்று அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. அம்மாவுக்கு எட்டு மணிக்குக் கிளினிக் இருந்த அன்றும் கண்ணாடி அழுதுகொண்டுதான் இருந்தது. அம்மா ஓட்டோவில் போனாள்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, கியூஆர் அட்டை காட்டி வரிசையில் நின்ற காலத்தில், இனியாவது இது ஓயும் என்று நம்பினோம். ஓயவில்லை. கழுவப் பெற்றோல் தேவையில்லைத்தானே. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் அவருக்கு வாய்ப்பாகப் போயிற்று. "இனிப் புதுசு வராது. இருக்கிறதைக் காப்பாத்தோணும்" என்றார். 2025இல் திரும்ப விட்டார்கள். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

ஊரில் நடக்கிற எதையும் பெயின்றின் வழியாகத்தான் பார்ப்பார். சம்பூர் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று ஊர் கத்தியது காணிக்காக, கடலுக்காக, மூச்சுக்காக. அத்தானின் கவலை, சாம்பல் பறந்து வந்து பொனற்றில் படியுமே என்பது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டபோது தன் வாதம்தான் வென்றது என்ற மாதிரி நடந்தார். இப்போது 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்: "அவ்வளவு கண்ணாடியையும் ஆர் கழுவுறது? என்ன துணியால?"

சிரித்துக்கொண்டே எழுதி வந்தேன். இந்தப் பகுதியில் சிரிக்க ஏலாது. எங்கள் கிணற்றில் கொஞ்சம் உவர். அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்று, மாரி மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து மூடி வைத்திருக்கிறார், கடைசி அலசலுக்கு. ஆவணியில் கிணறு அடி தெரியும். அக்கா பவுசருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நிற்பாள். அம்மாவின் கொச்சிக்காய்க் கன்று கருகும். பீப்பாவில் தண்ணீர் நிற்கும், மூடியில் பூட்டு. ஒரு வாளி கேட்டதற்கு, "அது குடிக்கிற தண்ணியில்லை" என்றார். கன்று என்ன காரைவிடக் கேவலமோ? எனக்கு விளங்கவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 2006 சித்திரையில் சண்டைக்குப் பயந்து நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அத்தான் விட்டுவந்தது ஒரு லுமாலா சைக்கிள். புதுசு, சீற்றுக்குப் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே இருந்த வருடங்களில் தனக்கென்று கழுவ அவரிடம் ஒரு தட்டும் கோப்பையும்தான் இருந்தன. அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார், நேராக, விளிம்பு பார்த்து. பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தால் சைக்கிள் என்ன, வீடே இல்லை. பூட்டிய பீப்பாவை நான் மன்னிக்கப்போவதில்லை. கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை மட்டும் சில விடியலில் குழப்பாமல் விட்டுவிடுகிறேன்.

போன நவராத்திரியில் வாகன பூசைக்குக் காரைக் கோயிலடிக்குக் கொண்டுபோனார். இருபதுக்கும் மேற்பட்ட லாண்ட்மாஸ்டர்களுக்கு நடுவில் இது ஒன்று. ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"பொனற்றில வேண்டாம் ஐயா. கண்ணாடியில வையுங்கோ."

வைத்தார். விபூதித் தட்டை எடுத்தார்.

"பூசவேண்டாம் ஐயா, தூள் கீறும். காட்டினாப் போதும்."

காட்டினார். மாலையைப் போடப் போனார். அதில் கம்பி இருக்கிறதோ என்று அத்தான் தடவிப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை ரயருக்குக் கீழே வைக்கும்போது சாறு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று விசாரித்தார்.

ஐயருக்குப் பொறுமை போயிற்று. மாவிலையைச் செம்பில் தோய்த்து, மஞ்சள் தண்ணீரைக் கூரையிலிருந்து டிக்கி வரை மூன்று தரம் விசிறினார். நேரம் பதினொன்று. உச்சி வெயில். சிவப்புப் பெயின்றில் துளித்துளியாக மஞ்சள்.

சுற்றி நின்ற எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அத்தான் இடுப்பிலிருந்து துவாயை எடுத்தார்.

"தம்பி, அது தீர்த்தம்" என்றார் ஐயர்.

"தெரியும் ஐயா."

விரித்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. தூக்கினார். ஐயர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறி, அந்த ஈரத் துவாயை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு அடுத்த கதவுக்குப் போனார்.