சூரிய குல மெய்க்கீர்த்தி

சோழர் காலத்தோடு மெய்க்கீர்த்தி எழுதும் கலை அழிந்துவிட்டதென்று வருந்தும் புலவர் பெருமக்கள் கொஞ்சம் கிழக்கே திரும்பிப் பார்க்க வேண்டுகிறேன். சென்னைத் துறைமுகத்தின் கரையில் சூரிய குலமொன்று செழித்து நிற்கிறது. இராமனின் குலப்பெருமையைச் சனகனுக்கு எடுத்துரைக்க விசுவாமித்திரருக்கு ஒரே படலம் போதுமானதாக இருந்தது. அம்பத்தூர்க் குடிகளில் ஒருவனாகிய எனக்கு எத்தனை படலம் இருந்தாலும் போதாது.

குலம் உதித்த விதமே அற்புதம். பெரியார் மணியம்மையாரைத் தமக்கும் இயக்கத்துக்கும் வாரிசாக்கக் கருதி மணந்துகொண்டார். அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்து வெளியேறிய அண்ணாவும் தோழர்களும் 1949 செப்டம்பரில் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் தி.மு. கழகத்தைத் தொடங்கினார்கள். வாரிசு கூடாதென்று கோபித்துக்கொண்டு கட்சி கண்ட வெகுளிகள்! அண்ணா இன்னும் ஒருபடி மேலே போய், தலைவர் நாற்காலி பெரியாருக்கே உரியதென்று அதைக் காலியாகவே விட்டுவைத்தார். எப்பேர்ப்பட்ட விரயம்! 1969-இல் கலைஞர் பெருமான் அந்த விரயத்தைத் தடுத்து நாற்காலியில் அமர்ந்தார். 49 ஆண்டுகள் அதைத் தூசு படியாமல் காத்தார். 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அம்மாதம் முடிவதற்குள் அருந்தவப் புதல்வர் போட்டியின்றித் தேர்வானார். போட்டியின்றி என்ற சொல்லின் அழகை அன்பர்கள் நின்று ரசிக்க வேண்டும். லட்சோப லட்சம் உடன்பிறப்புகளில் ஒருவர் நெஞ்சில்கூட அந்த ஆசை முளைக்கவில்லையே! துறவிகளால் நிறைந்த இப்படியொரு கட்சியை உலகம் கண்டதுண்டா?

தாத்தா முதல்வராக இருந்தபோது 2009-இல் தந்தையார் துணை முதல்வர். தந்தையார் முதல்வராக இருந்தபோது 2024-இல் மைந்தர் துணை முதல்வர். தாத்தா மூன்று முறை வென்ற சேப்பாக்கம், திருவல்லிக்கேணியையும் சேர்த்துக்கொண்டு 2021-இல் பேரனை வரவேற்றது. முதன்முறை சட்டமன்றம் புகுந்தவர் அமைச்சராவதற்கு 2022 டிசம்பர் வரை, அதாவது ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பொறுமையை எந்தப் புராணத்தில் தேடுவது? மருமகன் கிளை இவ்வளவு நிதானம் பார்ப்பதில்லை. முரசொலி மாறன் மறைந்த மறு ஆண்டே, 2004-இல், அவர் வென்றுவந்த மத்திய சென்னையில் மகன் தயாநிதி முதன்முறையாக நின்றார், வென்றார், நேரே டெல்லியில் கேபினட் அமைச்சரானார். நடுவில் வார்டு, வட்டம், கிளைச் செயலாளர் என்று காலத்தை வீணடிக்கவில்லை. வடசென்னைக்கு ஆற்காடு வீராசாமியின் திருமகனார் கலாநிதி. அங்கும் குறையில்லை.

தென்சென்னையின் பாக்கியத்தைத்தான் என்னால் பொறாமையின்றிச் சொல்ல முடியவில்லை. 2024 தேர்தலில் அங்கே மும்முனைப் போட்டி. ஒருவர் முன்னாள் அமைச்சர் தங்கபாண்டியனின் புதல்வி, அன்றைய அமைச்சர் தங்கம் தென்னரசுவின் தமக்கை தமிழச்சி. இரண்டாமவர், துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தை நெடுங்காலம் ஆண்ட அ.தி.மு.க. ஜெயக்குமாரின் மைந்தர் ஜெயவர்தன். மூன்றாமவர், வாரிசு அரசியலை வேரறுக்க வந்திருக்கும் பா.ஜ.க.வின் தமிழிசை, காங்கிரஸ் மூத்தவர் குமரி அனந்தனின் மகள். மூன்று பெரிய அணிகளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் குலத்துக்குக் கேடு வராது. வாக்காளர் தவறு செய்யவே வழியில்லாத இந்தப் பாதுகாப்பைத் தேர்தல் ஆணையமே நினைத்திருந்தாலும் செய்திருக்க முடியாது. கலைஞர் தம் மகனை வளர்க்கிறார் என்ற மனக்குறையோடு, 1993-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட வைகோ அவர்களும் தெளிவடைந்து, 2024-இல் தம் மகனைத் திருச்சியிலிருந்து மக்களவைக்கு அனுப்பிவைத்தார். ஞானம் தாமதமாக வந்தாலும் ஞானம்தானே.

எங்கள் அம்பத்தூர் மட்டும் இளைத்ததா? எங்கள் எம்.பி. டி.ஆர்.பாலு அவர்கள். அவர் புதல்வர் ராஜா 2023-இல் தொழில் துறை அமைச்சரானார். தொழிற்பேட்டைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! அப்போது தந்தை டெல்லியிலும் மகன் கோட்டையிலும் இருக்க, நாங்கள் நிம்மதியாக லேத் பட்டறையில் இருந்தோம்.

தொண்டர் குலத்தை மறந்துவிட்டார்களென்று சிலர் அவதூறு பேசுகிறார்கள். தேர்தலுக்கு வெகுமுன்பே சுவருக்கு வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதிப் பிடித்து வைப்பவரைப் பாருங்கள். அவருடைய அப்பாவும் பசை வாளியோடு இரவில் இதே சுவருக்கு வந்தவர்தான். அந்த அப்பா ஒட்டிய படம் தந்தையாருடையது. மகன் கட்டும் ஃபிளெக்ஸில் இருப்பது மைந்தருடையது. அந்த ஃபிளெக்ஸைச் சற்றுக் கிட்டே போய்த் தரிசியுங்கள். உச்சியில் தபால் தலை அளவில் பெரியாரும் அண்ணாவும். நடுவில் ஆளுயரத்துக்குத் திருக்குலம். அடியில், கைகூப்பிய வட்டப் படங்களின் கடைசி வரிசையில், கட்டியவரின் முகம். கம்பி முடிச்சு அதன் நெற்றியில் விழுந்திருக்கும். பல்லக்கு ஏறும் குலத்துக்கு மட்டுமே பரம்பரை என்பதில்லை. தூக்கும் குலத்துக்கும் அது உண்டென்று நிலைநாட்டியதுதான் சமூக நீதி. அவசரக்காரர்களை அடக்கவும் குலம் அறியும். 2023-இல் புதுக்கோட்டையில் நான்காம் தலைமுறையின் பெயரில் பாசறை கண்டு சுவரொட்டி ஒட்டிய இருவரைக் கட்சி இடைநீக்கம் செய்தது. முறைப்படி மூன்றாம் தலைமுறை முடியட்டும் என்ற நாகரிகம்!

ஆவடி, பூந்தமல்லி மக்களை நினைத்தால்தான் நெஞ்சு பொறுக்கவில்லை. அவர்கள் சேர்ந்த திருவள்ளூர்த் தொகுதி 2024-இல் ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு வந்த சசிகாந்த் செந்தில் என்பவரை 5.72 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. அவர் தாத்தா எந்தத் தொகுதியில் நின்றாரென்று கேட்டால் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வம்சம் தெரியாத ஒருவரிடம் மனு கொடுக்கும் அவலம் யாருக்கும் வரவேண்டாம். ஆயினும் அன்பர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அவர் நின்றது காங்கிரஸ் சின்னத்தில். உள்ளூரில் நேர்ந்த அக்குறையை டெல்லியில் நேரு பெருமானின் கொள்ளுப்பேரர் வட்டியோடு ஈடுசெய்கிறார்.